வெனிஸில் தனியாக ஒரு நாள்: கால்வாய் நகரத்தைக் காலால் சுற்ற முழுமையான வழிகாட்டி

வெனிஸில் ஒரு நாள் வீணாவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: எல்லோரும் போகிற நேரத்தில், எல்லோரும் போகிற இடத்துக்குப் போவது. பகல் மட்டும் வந்து திரும்புகிற கூட்டம் காலை பத்து மணிக்கு ரயில் நிலையத்திலிருந்து கிளம்புகிறது. ரியால்டோ பாலம், சான் மார்கோ சதுக்கம் என்று நூல் பிடித்தாற்போல நடந்து, மாலை ஐந்தரைக்குள் வடிந்துவிடுகிறது. தனியாகப் போகிறவருக்கு யாரையும் எழுப்ப வேண்டாம், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். அந்த வசதியை வைத்து நாளையே திருப்பிப் போட்டுவிடலாம். சான் மார்கோவை விடியலில் பாருங்கள், நடுப்பகலில் ஒதுக்கமான சந்துகளில் இருங்கள், இரவில் மறுபடி நடுநகருக்கு வாருங்கள். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

கிளம்பும் முன் முடிக்க வேண்டியவை

முதலில் ரயில் நிலையத்தின் பெயர். "வெனிசியா மெஸ்த்ரே" என்பது கரையில் இருக்கும் ஊர். தீவு நகரத்தின் நிலையம் "வெனிசியா சாந்தா லூச்சியா". பெயரில் வெனிசியா என்று பார்த்ததும் மெஸ்த்ரேயில் இறங்கிவிடுபவர்கள் ஏராளம். அங்கிருந்து சாந்தா லூச்சியாவுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ரயிலில் போக வேண்டும். உள்ளூர் ரயிலுக்குக் காகிதச் சீட்டு எடுத்தால், ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டுக்கு அபராதம் உண்டு.

அடுத்தது நுழைவுக் கட்டணம். பகலில் மட்டும் வந்து போகிறவர்களுக்காக 2024 ஏப்ரல் 25 அன்று இது தொடங்கியது. ஏப்ரல் முதல் ஜூலை வரை, அறிவிக்கப்பட்ட நாட்களில், காலை 8.30 முதல் மாலை 4 வரை பொருந்தும். சில நாட்கள் முன்பே கட்டினால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10 யூரோ. நகராட்சி எல்லைக்குள் இரவு தங்குபவர்கள் கட்ட வேண்டாம். மெஸ்த்ரேயும் அதே நகராட்சிதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் விலக்கு உண்டு என்று சும்மா இருந்துவிடக் கூடாது. நகராட்சியின் இணையதளத்தில் பதிவு செய்து கியூஆர் கோடு எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் சோதனையில் சிக்கினால் அபராதம் 50 யூரோவிலிருந்து 300 வரை போகும்.

பெட்டியைச் சாந்தா லூச்சியா நிலையத்தில் உள்ள பொருள் காப்பகத்தில் போட்டுவிடுங்கள். ஊரில் நானூற்றுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றில் இரு பக்கமும் படிகள். சக்கரப் பெட்டியை ஐந்து பாலம் ஏற்றி இறக்கினாலே அன்றைய நாள் முடிந்துவிடும். கழிப்பறைக்குப் போகும்போது பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதும் தனிப் பயணிக்கு உள்ள தொல்லை.

படகுச் சீட்டில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. வாபொரெட்டோ என்பது இந்த ஊரின் நகரப் பேருந்து, தண்ணீரில் ஓடுகிறது. ஒற்றைச் சீட்டு 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். 24 மணி நேரச் சீட்டு 25 யூரோ. மூன்று முறை ஏறினால் ஒற்றைச் சீட்டுகளின் செலவு 28.50 ஆகிவிடும். ஆகவே மூன்றாவது ஏற்றம் வருமென்றால் நாள் சீட்டு, இரண்டோடு நிற்குமென்றால் ஒற்றைச் சீட்டு. கீழே வரும் திட்டத்தில் மூன்று முதல் ஐந்து முறை ஏற வேண்டியிருக்கும், நாள் சீட்டே எடுங்கள். 24 மணி நேரம் என்பது வாங்கிய நேரத்திலிருந்து அல்ல, முதல்முறை இயந்திரத்தில் காட்டிய நேரத்திலிருந்து ஓடும். ஒவ்வொரு முறை ஏறும்போதும் காட்ட வேண்டும்.

கையில் வேண்டியவை: காலில் நன்றாகப் பழகிய காலணி (புதியது வேண்டாம்), ஒரு தண்ணீர் பாட்டில், சில்லறையாக இரண்டு யூரோ, ஒரு யூரோ, ஐம்பது சென்ட் நாணயங்கள், கைபேசிக்குப் பவர் பேங்க். ஊரெங்கும் சதுக்கங்களில் இரும்புக் குழாயடிகளில் குடிதண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், நல்ல தண்ணீர். விலைக்கு வாங்க வேண்டியதே இல்லை. பொதுக் கழிப்பறைக்கு 1.50 யூரோ. காபி குடிக்கும் கடையில் போய்விட்டு வருவது சிக்கனம்.

எட்டுச் சொற்கள் தெரிந்தால் வரைபடம் பாதி வேண்டாம்

வெனிஸில் வழி தவறுவதற்குக் காரணம் கைபேசிதான். நான்கு மாடிச் சுவர்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் அகலச் சந்தில் நிற்கும்போது ஜிபிஎஸ் புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவிவிடும். நீங்கள் நிற்பது கால்வாயின் எந்தப் பக்கம் என்றே அதற்குத் தெரியாது. அதைவிடத் தெருப் பெயர்ப்பலகை நம்பகமானது. சுவரில் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டம் போட்டுக் கறுப்பில் எழுதியிருக்கும். அதில் முதல் சொல்லே தெருவின் குணத்தைச் சொல்லிவிடும்.

கால்லே என்றால் சந்து. அது எங்காவது திறக்கலாம், நேராகத் தண்ணீரில் போயும் முடியலாம். ராமோ என்றால் கிளைச் சந்து, முட்டுச்சந்தாக இருக்க வாய்ப்பு அதிகம். கோர்த்தே என்பது வீடுகள் சூழ்ந்த முற்றம், பெரும்பாலும் போன வழியேதான் திரும்ப வேண்டும். ஃபொண்டமென்டா என்றால் ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் வீடு. இது கிடைத்துவிட்டால் கவலை இல்லை, கரையோரமாக நீள நடக்கலாம். ரியோ சின்னக் கால்வாய். ரியோ தெரா என்பது மண் கொட்டி மூடிய பழைய கால்வாய், அதனால்தான் அகலமாக இருக்கும். சொட்டோபோர்த்தெகோ என்பது கட்டடத்துக்கு அடியில் குனிந்து போகும் வழி. யார் வீட்டுக்குள்ளோ நுழைகிறோமோ என்று தயங்கித் திரும்பிவிடாதீர்கள், பொது வழிதான். காம்போ என்றால் சதுக்கம். பியாத்சா என்று பெயர் பெற்றது சான் மார்கோ ஒன்று மட்டுமே.

மஞ்சள் பலகைகளில் ரியால்டோ, சான் மார்கோ, அக்காதெமியா, ஃபெரோவியா (ரயில் நிலையம்), பியாத்சாலே ரோமா (பேருந்து நிலையம்) என்று அம்புக்குறி இருக்கும். இவை கூட்டம் போகும் பெருவழிகள். எங்கே மாட்டிக்கொண்டாலும் ஒரு மஞ்சள் அம்பு கண்ணில் படும் வரை நடந்தால் போதும்.

முகவரி வேறு கதை. ஊர் ஆறு பகுதிகளாகப் பிரிந்தது: கன்னரேஜியோ, காஸ்தெல்லோ, சான் மார்கோ, சான் போலோ, சாந்தா குரோச்சே, டோர்சோடுரோ. வீட்டு எண் தெருவுக்குத் தெரு தொடங்காது, பகுதி முழுவதற்கும் ஒரே வரிசை. காஸ்தெல்லோவில் அது 6,000-ஐத் தாண்டும். "காஸ்தெல்லோ 4,500" என்று மட்டும் குறித்துக்கொண்டு போனால் உள்ளூர்க்காரருக்கே வழி சொல்லத் தெரியாது. தங்குமிடத்தின் சந்துப் பெயர், பக்கத்துப் படகுத்துறை, அருகிலுள்ள தேவாலயம் மூன்றையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காலை 6.30: ஒன்றாம் எண் படகு

ஃபெரோவியா படகுத்துறையில் ஒன்றாம் எண் படகில், சான் மார்கோ பக்கம் போவதில் ஏறுங்கள். ஒரே துறையில் இரு திசைப் படகும் வரும். மேடையில் எழுதியிருக்கும் திசையைப் பார்க்காமல் ஏறுவதுதான் இங்கே வழக்கமான தவறு. இரண்டாம் எண் சீக்கிரம் போய்ச் சேரும், ஆனால் பல துறைகளில் நிற்காது. பெரிய கால்வாயை நிதானமாகப் பார்க்க ஒன்றாம் எண்தான். முக்கால் மணி நேரம் ஆகும். முன்புறமோ பின்புறமோ திறந்த இருக்கை இருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் கிடைக்கும்.

கால்வாய் சுமார் 3.8 கிலோமீட்டர், தலைகீழான எஸ் வடிவம், குறுக்கே நான்கே பாலங்கள். கரை மாளிகைகளைப் பார்க்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள்: தண்ணீரைப் பார்த்திருக்கும் பக்கம்தான் வீட்டின் முன்வாசல், தெருப் பக்கம் கொல்லை வாசல். தண்ணீர் மட்டத்தில் இருப்பது சரக்கு இறக்கும் தளம். அதற்கு மேல் வரிசையாக வளைவுச் சன்னல்கள் நெருங்கி நிற்கும் மாடி, வணிகக் குடும்பம் வாழ்ந்த கூடம். வாசற்படிகளில் கரும்பச்சையாகப் பாசிக் கோடு தெரியும். அதன் மேல்விளிம்புதான் வழக்கமான கடல் ஏற்றத்தின் அளவு. அந்தக் கோட்டுக்குக் கீழே இரண்டு மூன்று படிகள் தெரிந்தால் இப்போது வற்றம், கோடு மூழ்கியிருந்தால் ஏற்றம். நாள் முழுக்க எந்தச் சந்தில் நின்றாலும் இதை வைத்துத் தண்ணீரின் போக்கைச் சொல்லிவிடலாம்.

இடப்பக்கம் கா தோரோ மாளிகையும் எதிர்க்கரையில் வலப்பக்கம் மீன் சந்தையும் வரும். பிறகு ரியால்டோ பாலம், 1591-இல் முடிந்தது. கடைசியில் வலப்பக்கம் சாந்தா மரியா தெல்லா சலூத்தே, 1630-இல் வந்த கொள்ளைநோய் ஓய வேண்டி நேர்ந்துகொண்டு கட்டிய கோவில். மொத்த ஊரையும் போல அதுவும் சேற்றில் இறக்கிய மரக்கட்டைகள் மீதுதான் நிற்கிறது. சேற்றுக்குள் காற்று புகாததால் கட்டை உளுக்கவில்லை.

7.30: ஆளில்லாத சான் மார்கோ

சான் சக்காரியா துறையில் இறங்கிச் சதுக்கத்துக்கு நடந்து வாருங்கள். புறாக்களும் கடைக்குச் சரக்குத் தள்ளும் வண்டிக்காரர்களும்தான் இருப்பார்கள். நாற்பது நிமிடம் போதும். மணிக்கோபுரம் 98.6 மீட்டர். 1902 ஜூலை 14 அன்று அப்படியே சரிந்து விழுந்ததை, பழையபடியே கட்டி 1912-இல் திறந்தார்கள்.

படிகளில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, புறாவுக்குத் தீனி போடக் கூடாது, கால்வாயில் இறங்கக் கூடாது. மூன்றுக்கும் அபராதம். சதுக்கத்துக் காபிக் கடைகளில் உட்கார்ந்தால் வாத்திய இசைக்கென்று தனிக் கட்டணம் பில்லில் ஏறும். வேறு எந்தக் கடையிலும் விதி இதுதான்: நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் இன்னொரு விலை. "அல் பாங்கோ" என்றால் நின்றபடி. நாமெல்லாம் டீக்கடையில் நின்று குடித்துப் பழகியவர்கள்தானே, அதையே இங்கும் செய்யலாம்.

சான் மார்கோ பேராலயம், டோஜே (பழைய வெனிஸ் குடியரசின் தலைவர்) அரண்மனை இரண்டையும் ஒரே நாளில் அடக்க முயல வேண்டாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதுவும் முதல் நேரத்துக்கு இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள். தங்கப் பின்னணியில் பதித்த மொசைக் வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் பேராலயம். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். முதுகுப்பையோடு உள்ளே விட மாட்டார்கள்.

எதற்கும் பதிவு செய்யவில்லை என்றால் இன்னும் நல்லது. சான் சக்காரியாவிலிருந்து இரண்டாம் எண் படகில் எதிரே உள்ள சான் ஜார்ஜியோ மஜோரே தீவுக்குப் போங்கள். அங்கும் மணிக்கோபுரம் உண்டு, மின்தூக்கி உண்டு, வரிசை மிகக் குறைவு. சான் மார்கோ கோபுரத்தில் ஏறினால் சான் மார்கோ கோபுரம் தெரியாது. இங்கிருந்து பார்த்தால் அது, அரண்மனை, சலூத்தே, பின்னால் ஊர் முழுவதும் ஓடுவேய்ந்த கூரைகளாக ஒரே பார்வையில் விரியும்.

10.00: கூட்டத்தைத் தவிர்த்துச் சந்தைக்கு

இந்நேரம் சான் மார்கோவுக்கும் ரியால்டோவுக்கும் இடையிலுள்ள மெர்செரியே கடைத்தெருவில் தோளோடு தோள் இடிக்கும். பிக்பாக்கெட் அதிகம் நடப்பதும் அங்கேயும் நெரிசலான படகிலும்தான். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். மற்றபடி தனியாகச் சுற்ற அச்சப்பட வேண்டிய ஊர் அல்ல.

மாற்று வழி: காம்போ சாந்தா மரியா ஃபோர்மோசா, அங்கிருந்து பளிங்குப் பெட்டி போல நிற்கும் சாந்தா மரியா தெய் மிராக்கொலி, பிறகு சாந்தி அப்போஸ்தொலி, கடைசியில் காம்போ சாந்தா சோஃபியா. இங்கேதான் தனிப் பயணிக்கான நல்ல விஷயம் காத்திருக்கிறது: த்ராகெட்டோ. அலங்காரம் கழற்றிய கொண்டோலா (வெனிஸின் துடுப்புப் படகு), இரண்டு துடுப்புக்காரர்கள், பெரிய கால்வாயைக் குறுக்காகக் கடக்க 2 யூரோ. வாடகைக் கொண்டோலாவுக்கு அரசுக் கட்டணம் பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, இரவில் 35 நிமிடத்துக்கு 110. அது ஆளுக்கல்ல, படகுக்கு. ஐந்து பேர் போனாலும் அதே தொகை, ஒருவர் போனாலும் அதே தொகை. தனியாக வந்தவருக்கு இதில் நியாயமே இல்லை.

நாணயத்தை முன்பே கையில் எடுத்து வையுங்கள். ஏறும்போது படகின் நடுவில் கால் வைக்க வேண்டும், விளிம்பில் அல்ல. துடுப்புக்காரர் உட்காரச் சொன்னால் உடனே உட்காருங்கள்.

இரண்டு நிமிடத்தில் நேரே மீன் சந்தையில் இறங்குவீர்கள். ஞாயிறு, திங்கள் மீன் சந்தை கிடையாது. மற்ற நாட்களிலும் மதியத்துக்குள் கழுவி மூடிவிடுவார்கள். சுவரில் ஒரு பளிங்குப் பலகை இருக்கிறது, தேடிப் பாருங்கள். விற்கக்கூடிய மீனின் குறைந்தபட்ச நீளம் அதில் வெட்டியிருக்கிறது: மத்தி 7 செ.மீ., விலாங்கு 25, சிப்பி 5. அதற்குச் சிறியதை விற்பது அன்று குற்றம். குஞ்சு மீனைக் காக்கக் கல்லில் வெட்டி வைத்த சட்டம்.

11.30: பாகரோவில் சாப்பாடு

பாகரோ என்பது நின்று சாப்பிடும் சின்ன ஒயின் கடை. சந்தையைச் சுற்றிய சந்துகளில் நிறைய உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் சிக்கெட்டி என்னும் சிறு தின்பண்டங்கள் அடுக்கியிருக்கும், ஒன்று சுமார் 1.50 முதல் 3 யூரோ. விரலால் காட்டி, நான்கைந்து வாங்கினால் மதியச் சாப்பாடு முடிந்தது. "ஒம்ப்ரா" என்று கேட்டால் சிறு கோப்பை ஒயின். வேண்டாதவர் "அக்குவா" கேட்கலாம். ஒற்றை ஆளுக்கு மேசை கிடைக்குமா என்ற கவலையே இங்கே இல்லை. பன்னிரண்டரைக்கு மேல் உள்ளே நுழைய முடியாது, ஆகவே முன்கூட்டியே போங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். ரொட்டித் துண்டின் மேல் வெண்ணெய் போல வெள்ளையாகக் குவித்திருப்பது சீஸ் அல்ல, பக்கலா மந்தெக்காத்தோ. உலர்த்திய காட் மீனை எண்ணெய் விட்டுக் கடைந்தது. மொத்சரெல்லா இன் கரோத்சா என்னும் பொரித்த சீஸ் துண்டுக்குள் நெத்திலியோ பன்றி இறைச்சியோ வைத்திருப்பார்கள். உருண்டையாகப் பொரித்தது பெரும்பாலும் இறைச்சி. தைரியமாக வாங்கக்கூடியவை: கூனைப்பூவின் (ஆர்ட்டிசோக்) அடிப்பகுதியை வேகவைத்த வட்டத் துண்டு, கோர்கொன்சோலா சீஸும் வால்நட்டும் வைத்த ரொட்டி, வாட்டிய கத்திரிக்காய். எதற்கும் "சென்சா கார்னே, சென்சா பெஷே?" என்று கேட்டுவிடுங்கள். கறி இல்லை, மீன் இல்லை என்று பொருள்.

பிற்பகல்: சந்துகளும் கிணறுகளும்

சான் போலோ வழியாக ஃப்ராரி தேவாலயம். ஓவியர் திஷியன் 1518-இல் முடித்த மாதாவின் விண்ணேற்பு ஓவியம், எந்தப் பீடத்துக்காக வரைந்தாரோ அதே பீடத்தில் இருக்கிறது. அங்கிருந்து காம்போ சாந்தா மார்கெரித்தா, பிறகு சான் பர்னபா அருகே போந்தே தெய் பூஞ்ஞி, அதாவது குத்துச்சண்டைப் பாலம். மேலே நான்கு வெள்ளைக் கல் பாதத் தடங்கள் பதித்திருக்கும். இரண்டு பேட்டைக்காரர்கள் அதில் கால் வைத்து நின்று, ஒருவரையொருவர் தண்ணீரில் தள்ளச் சண்டை போட்டார்கள். அப்போது பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. 1705-இல் தடை வந்தது.

இந்த நடையில் ஒவ்வொரு காம்போவின் நடுவிலும் செதுக்கிய கல் கிணறு ஒன்று மூடி போட்டு நிற்கும். படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடாமல் குனிந்து தரையைப் பாருங்கள். கிணற்றைச் சுற்றி நான்கு பக்கமும் ஓட்டை போட்ட கற்கள் பதிந்திருக்கும், தளம் அவற்றை நோக்கி லேசாகச் சரிந்திருக்கும். இது ஊற்றுக் கிணறு அல்ல. சதுக்கத்தையே ஆழத் தோண்டி, உப்புநீர் புகாமல் சுற்றிலும் களிமண் அப்பி, உள்ளே மணல் நிரப்பி, நடுவில் செங்கல் உறை இறக்கினார்கள். மழைநீர் ஓட்டைகள் வழியே மணலில் வடிகட்டி உறைக்குள் சேரும். நாலாபுறமும் தண்ணீர் இருந்தும் குடிக்க ஒரு சொட்டு இல்லாத ஊர் பல நூற்றாண்டுகள் மழையைக் குடித்தே வாழ்ந்தது. கரையிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது 1884-இல்தான்.

சான் த்ரோவாசோ கால்வாயில் எதிர்க்கரையில் நின்று பார்த்தால் கொண்டோலா கட்டும் பட்டறை தெரியும். சும்மா போனால் உள்ளே விட மாட்டார்கள், பார்வை மட்டும். கவிழ்த்துப் போட்ட படகு கிடந்தால் அதன் நடுக்கோட்டைக் கவனியுங்கள், நேராக இருக்காது. கிட்டத்தட்ட 11 மீட்டர் நீளமுள்ள படகில் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 24 செ.மீ. அகலம். ஒரே ஆள், ஒரே துடுப்பு, அதுவும் வலப்பக்கம் மட்டும். இரு பக்கமும் சமமாக இருந்தால் படகு வட்டமடிக்கும். அந்தக் கோணல்தான் அதை நேராக ஓட்டுகிறது.

பக்கத்திலேயே சாத்தெரே கரை. தெற்கு நோக்கியது, நல்ல வெயில், உட்கார இடம் உண்டு. கால் வலி இங்கே தீரட்டும். ஒரு மணி நேரம் இருந்தாலும் தவறில்லை.

மாலை: கன்னரேஜியோ

சாத்தெரேயிலிருந்து 5.1, 5.2 படகுகளில் கூல்யே துறைக்குப் போகிறதைப் பார்த்து ஏறுங்கள். இறங்கிய இடத்துக்கு அருகிலேயே கெட்டோ. 1516-இல் யூதர்களை இந்தத் தீவுக்குள் அடைத்து, இரவில் கதவு பூட்டினார்கள். உலகெங்கும் வழங்கும் "கெட்டோ" என்ற சொல் இந்த இடத்தின் பெயர். அங்கே வீடுகள் மட்டும் ஏன் இவ்வளவு உயரம் என்று சன்னல்களை எண்ணிப் பாருங்கள். பக்கவாட்டில் விரிய அனுமதி இல்லை, ஆள் பெருகப் பெருகத் தாழ்ந்த கூரையோடு மாடி மேல் மாடியாக ஏற்றினார்கள்.

அதையொட்டி ஃபொண்டமென்டா தெல்யி ஓர்மெசினி, மிசெரிகோர்தியா. ஊர்க்காரர்கள் மாலையில் வந்து கூடும் கரை. இரவு உணவுக்கு இதைவிட இடம் தேட வேண்டாம். மேசையில் உட்கார்ந்தால் "கோபெர்த்தோ" என்று ஆளுக்கு ஒரு சிறு தொகை பில்லில் வரும். அது ஏமாற்று அல்ல, வழக்கம்.

தண்ணீர் ஏறினால்

அக்டோபர் முதல் ஜனவரி வரை போகிறவர்கள் முந்தின இரவே நகராட்சியின் ஏற்ற முன்னறிவிப்பைப் பார்க்க வேண்டும். 1966 நவம்பர் 4 அன்று 194 செ.மீ., 2019 நவம்பர் 12 அன்று 187 செ.மீ. வரை ஏற்றம் வந்த ஊர் இது (பழைய கடல்மட்டக் குறியிலிருந்து அளந்த உயரம், தெருவில் நின்ற ஆழம் அல்ல). 2020 அக்டோபர் 3 முதல் மோசே தடுப்பு இயங்குகிறது. மூன்று கடல்வாய்களில் 78 இரும்புக் கதவுகள் எழும்பிக் கடலை நிறுத்தும். ஆனால் 110 செ.மீ. அளவுக்கு எதிர்பார்த்தால்தான் எழுப்புவது வழக்கம். அதற்குக் குறைவான ஏற்றத்திலும் ஊரிலேயே தாழ்வான சான் மார்கோ சதுக்கம் நனையும்.

அப்படி ஆனால் நாள் போச்சே என்று நினைக்க வேண்டாம். உச்சம் இரண்டு மூன்று மணி நேரம்தான், பிறகு வடிந்துவிடும். சதுக்கத்தை வடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மரப் பலகை நடைபாதை போட்டிருந்தால் வலப்பக்கமாகவே நடங்கள், நடுவில் நின்று படம் எடுக்காதீர்கள். தண்ணீருக்குள் இறங்கி நடந்தால் கரை எங்கே முடிகிறது, கால்வாய் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. தனியாக இருக்கும்போது அந்த விபரீதம் வேண்டாம். தண்ணீர் மிக ஏறினால் தாழ்ந்த பாலங்களுக்கு அடியில் நுழைய முடியாமல் 5.1, 5.2 போன்ற படகுகள் வழி மாறும். துறை அறிவிப்பைப் பாருங்கள்.

இரவு 9.00: மறுபடி நடுநகரம்

கன்னரேஜியோவிலிருந்து மஞ்சள் பலகைகளைப் பிடித்து ரியால்டோ, அங்கிருந்து மெர்செரியே வழியாகச் சான் மார்கோ. காலையில் தவிர்த்த அதே தெரு இப்போது உங்கள் காலடிச் சத்தம் கேட்கும் அளவுக்குக் காலியாக இருக்கும். சதுக்கத்தில் இசை கேட்க மேசை தேவையில்லை, நின்று கேட்டால் காசு கிடையாது.

திரும்ப ஒன்றாம் எண் படகிலேயே ஃபெரோவியா. மாளிகைகளின் கூடங்களில் விளக்கு எரியும். காலையில் கண்ணுக்குத் தெரியாத ஓவியம் வரைந்த மச்சுகள் கீழேயிருந்து பார்க்கும்போது இப்போதுதான் தெரியும். நள்ளிரவுக்கு மேல் ஒன்றாம் எண்ணுக்குப் பதில் "N" என்று எழுதிய இரவுப் படகு ஓடும், இடைவெளி அதிகம். மெஸ்த்ரேக்குப் போக வேண்டியவர்கள் கடைசி ரயில் நேரத்தைக் காலையிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் கால்வாயின் மறுகரையில் உள்ள பியாத்சாலே ரோமாவுக்கு நடங்கள், இரவுப் பேருந்து அங்கிருந்து கிளம்பும். பெட்டியைக் காப்பகத்தில் விட்டிருந்தால் அது இரவில் மூடும் நேரத்தையும் விட்டபோதே கேட்டு வைத்திருக்க வேண்டும். மூடிய பிறகு போனால் மறுநாள் காலைதான் கிடைக்கும்.